மைக்செட்டின் பதினொரு நிமிடம்

மனித குலத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டு, புதிய பக்கம் ஒன்றைப் புரட்டிக்கொள்ளவும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று ஒன்று வரை, பள்ளிக் கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறி மட்டும் முனகிக்கொண்டிருந்த நான்காம் எண் அறையில், எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் நிகழாத ஒன்று நிகழ்ந்தது. மின் அளவி பழுதுபார்க்கும் பிரிவின் கண்காணிப்பாளர் ஒருவர் தொடர்ந்து பதினொரு நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நேரில் கண்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருத்திக்கு வயது ஆறு.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்பவர்கள் அந்த மனிதரைச் சந்திக்காதவர்கள். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அவருடைய பிரிவில் நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். யாராவது ஓய்வு பெறுவார், யாருக்காவது மாற்றல் வரும், யார் வீட்டிலாவது கல்யாணம் நடக்கும். எதுவானாலும் மேடை அவருடையது. வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்பவை மூன்று தனித்தனி ஆட்கள் பேச வேண்டியவை என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராத விஷயம். பண்டகக் காப்பாளர் இறந்தபோது நடந்த இரங்கல் கூட்டத்தில், ஒரு நிமிட மௌனத்தை நாற்பதாவது நொடியில் நிறுத்தி, மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி இரண்டே வார்த்தை என்று ஆரம்பித்தார். அது முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நேரமின்மையால் அவர் அழைக்கப்படாத விழாக்களும் உண்டு. அவற்றுக்கான உரைகள், மடிப்புக் கலையாமல், அவருடைய தோல்பையில் பத்திரமாக இருந்தன. என்றைக்காவது வேண்டியிருக்கும்.

அவருக்கு மைக்செட் என்று பெயர் வைத்தது மனைவியின் தம்பி. அவன் ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறவன். வைத்த பெயர் இரண்டே வாரத்தில் அலுவலகம் வரை போய்ச் சேர்ந்தது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். வருகிற துணிகளின் பைகளைத் துழாவிப் பார்ப்பது, கறையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவது, எண் எழுதிய துணிச்சீட்டைக் காலரில் குத்துவது. வேலை நேரத்தில் அவள் பேசும் மிக நீளமான வாக்கியம், "கறை போகும்னு உறுதி சொல்ல முடியாது, செவ்வாய்க்கிழமை வாங்க" என்பது. வீட்டில் அந்த அளவுக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

இவர்களுக்குப் பிறந்த பெண் இரண்டரை வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எதையும் மோவாயால் சுட்டிக்காட்டுவாள். சிரிப்பாள், முறைப்பாள், கோபம் வந்தால் செருப்பைத் தூக்கி வாளிக்குள் போடுவாள். பேச்சு மட்டும் இல்லை. வேன்காரத் தாய்மாமன் அவளைக் 'கமுக்கம்' என்று கூப்பிட்டான். மற்றவர்களுக்குப் பாப்பா.

"பெரிய மேதைங்க எல்லாம் லேட்டாத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. படிச்சுப் பாத்தா தெரியும்" என்றார் மைக்செட்.

"நீங்க எத்தனை மாசத்துல பேசினீங்க மச்சான்?"

"எட்டு மாசத்துல."

"அதான் பாத்தேன்" என்றான் வேன்காரன்.

மனைவி அதற்குள் மருத்துவமனையில் சீட்டு வாங்கிவிட்டிருந்தாள். காது சோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. எக்ஸ்ரே அறையைத் தாண்டி, நடைவழியின் கோடியில் இருந்த ஸ்பீச் தெரபி அறைக்கு அனுப்பினார்கள். தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஒரு கண்ணாடி, படச்சீட்டுகள் அடுக்கிய பெட்டி, சோப்புக் குமிழி ஊதும் குப்பி, குழந்தைகள் உட்காரும் நாலு சின்ன நாற்காலிகள். பெரியவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. மைக்செட் சின்ன நாற்காலி ஒன்றில் கம்பீரமாக அமர்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

அந்த அறைக்குரிய அம்மாவை எல்லோரும் பேச்சு டீச்சர் என்றார்கள். பேச்சு டீச்சர் அதிகம் பேசமாட்டார். முதல் நாள் மைக்செட் குழந்தையின் குணநலன்களை நாற்பது நிமிடம் எடுத்துரைத்தார். டீச்சர் அவரையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். பிறகு ஒரு கையில் குமிழிக் குப்பியையும் மறுகையில் பந்தையும் எடுத்து, குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"எது வேணும்?"

"அவளுக்குக் குமிழின்னா உயிர் மேடம். அன்னைக்குப் பாருங்க…"

"நான் பாப்பாவைக் கேட்டேன்."

மைக்செட்டுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. யார் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வது அவர்தான் என்பது அந்த வீட்டு நடைமுறை. குழந்தை "ஆ" என்றால், "பால் வேணும், ஆனா சூடா வேண்டாம், நேத்து நாக்கைச் சுட்டுக்கிட்டாளே, அதைச் சொல்றா" என்று உரை சொல்வார். பல நேரங்களில் உரை சரியாகவும் இருக்கும். அதுதான் வில்லங்கம்.

"பேச்சு தாமதமானது உங்களால இல்ல. சில குழந்தைங்களுக்கு அப்படி அமையும். ஆனா பேச்சு வர்ற வழியில நீங்க நிக்கிறீங்க. ஒண்ணு கேட்டீங்கன்னா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் நீங்க பதில் சொல்லாதீங்க, அவளைச் சொல்லு சொல்லுன்னு நெருக்காதீங்க. சும்மா முகத்தைப் பாத்துட்டு இருங்க" என்றார் டீச்சர்.

"எப்ப பேசுவா?" என்று கேட்டாள் மனைவி.

"உறுதி சொல்ல முடியாது. செவ்வாய், வெள்ளி வாங்க."

தன் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவரைப் பார்த்துவிட்ட நிம்மதி மனைவியின் முகத்தில் தெரிந்தது.

அன்று மாலையே பத்து எண்ணும் பணி வீட்டில் தொடங்கிவைக்கப்பட்டது. மைக்செட் குழந்தையிடம், "பாலா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று கணீரென்று எண்ண ஆரம்பித்தார். மனசுக்குள் எண்ண வேண்டும் என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். மறுபடி கேட்டார். மூன்று நொடியில், "பத்து எண்ணிட்டேன். பால்தான் வேணுமாம்" என்றார்.

அதன்பின் வாரம் இரண்டு நாள். மனைவி சலவை நிலையத்தில் பகல் முறையை விட்டுவிட்டுக் காலை ஆறு மணி முறைக்கு மாறிக்கொண்டாள். வேலை முடிந்து வந்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு, ஒன்பது நிறுத்தம் பஸ்ஸில். பஞ்சு உருண்டையை மேஜையில் ஊதித் தள்ளுவது, உறிஞ்சுகுழலால் உறிஞ்சுவது, கண்ணாடியைப் பார்த்து நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைப்பது. டீச்சர் 'திற' என்ற ஒரே வார்த்தைக்காகக் குமிழிக் குப்பியின் மூடியை நான்கு மாதம் திறந்து மூடினார். அந்த வார்த்தை வரவில்லை.

வந்தது வேறொன்று. மூன்று வயது நான்கு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸில், ஒன்பதாவது நிறுத்தம் நெருங்கும்போது, குழந்தை ஜன்னலிலிருந்து திரும்பி, "எலங்கு" என்றது.

போகும்போதும் வரும்போதும் மனைவி சொல்லும் 'இறங்கு' அது. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. இறங்கினாள். அது அவர்களுடைய நிறுத்தம்.

கணவரிடம் இரண்டு நாள் சொல்லாமலும் இருந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொன்ன மறுநாள், பழுதுபார்க்கும் பிரிவில் தேநீர் இடைவேளையின்போது, 'மழலையும் மானுடமும்' என்ற தலைப்பில் அது ஆனது.

டீச்சர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். யாரும் கேட்காமல், யாரையும் பார்த்துத் திரும்பச் சொல்லாமல், குழந்தை தானாகச் சொல்லும் வார்த்தை மட்டுமே அவளுடைய வார்த்தை. கேட்டதற்குச் சொல்வதும், சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் இன்னும் இரவல்தான். அதனால் மனைவி சலவை நிலையத்திலிருந்து வெற்றுத் துணிச்சீட்டுகளைக் கொண்டுவந்து, தானாக வந்த வார்த்தை ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி, கூடத்துத் திரைச்சீலையில் ஊசியால் குத்தி வைத்தாள். முதல் சீட்டில் 'எலங்கு'. இரண்டாம் வருடக் கடைசியில் அறுபத்து நாலு சீட்டுகள். நூறு வந்ததும் பெரிய மனிதர் யாரையாவது அழைத்துத் திரைச்சீலையைத் திறந்து வைக்கலாம் என்று மைக்செட் யோசனை சொன்னார்.

"அது தினமும் காலையில நாங்களே திறக்கிறதுதாங்க" என்றாள் மனைவி.

நடுவில் ஆறு மாதம் ஒரு சீட்டும் ஏறவில்லை. செவ்வாய், வெள்ளி மட்டும் தவறாமல் வந்தன. மழையில் பஸ் ஓடாத ஒரு செவ்வாய்க்கிழமை வேன்காரன் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே அவளையும் குழந்தையையும் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டான். அன்று டீச்சர் மட்டும்தான் வந்திருந்தார். பஞ்சு உருண்டையை ஊதினார்கள்.

ஐந்து வயதில் விவகாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

விதி எளிமையானது. பேச்சில் பின்தங்கிய குழந்தையைக் கல்வி அலுவலகத்தின் மூவர் குழு நேரில் பார்க்கும். முன்பின் அறியாதவர்களிடம் குழந்தை தன் வாயால் பேசினால், தெருக்கோடியில் இருக்கும் வழக்கமான பள்ளியில் முதல் வகுப்பு. இல்லையென்றால் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தனிப்பள்ளி. அதற்கு வேன் காலை ஆறேகாலுக்கு வரும். குழந்தை திரும்பி வர மாலை ஆறு மணி ஆகும். அங்கே போன பிள்ளைகள் வழக்கமான பள்ளிக்குத் திரும்பியதாக நடைவழியில் காத்திருந்த தாய்மார்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. குழுவின் முன் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்பது விதியின் இரண்டாம் பத்தி. விதியை எழுதியவருக்கு மைக்செட்டைத் தெரியாது.

குழு எட்டுக் கேள்விகள் கேட்டது. "வீட்ல யார் யார் இருக்காங்க பாப்பா?" என்றதும், "அம்மா, அப்பா, அப்புறம் கூப்பிடாமலே வர்ற மாமா ஒருத்தர்" என்று கலகலப்பாகப் பதில் வந்தது, தந்தையிடமிருந்து. "என்ன பிடிக்கும்?" என்பதற்குப் பதில் மூன்று பகுதிகளாக இருந்தது. ஏழு கேள்விகள் இப்படிப் போயின. எட்டாவது கேள்விக்குக் குழந்தையின் உதடு பிரிந்தது. மனைவி அதைப் பார்த்தாள். "சொல்லு, சொல்லு, சொல்லும்மா, சத்தமா சொல்லு" என்றார் மைக்செட். உதடு மூடிக்கொண்டது.

குழு எழுதிக் கொடுத்தது: 'குழந்தையின் பேச்சைக் கேட்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வரவும். அதுவே இறுதி வாய்ப்பு.'

திரும்பும்போது பஸ் எட்டு நிறுத்தம் கடந்தது. பிறகு மனைவி சொன்னாள்.

"மூணு வருஷமா அவ பேசக் கத்துக்கிட்டா. நீங்க ஒண்ணுமே கத்துக்கல."

அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு எதுவும் இல்லை என்பது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். உள்ளங்கையில் 'பத்து' என்று பேனாவால் எழுதிக்கொண்டார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், உதடு வீங்கியது. குழந்தை பேசும்போது மாடிப்படியில் போய் நின்றார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் சிக்கினார். உண்மையாகவே அவரால் முடியவில்லை. குழந்தைக்கு வார்த்தை எங்கே தடுக்கிக்கொள்கிறதோ, அந்த இடத்திலேயே அவருக்கு அது பெருகி வழிந்தது.

தீர்வு ஒரு தொண்டை வலியிலிருந்து கிடைத்தது. மூன்று நாள் தொழிற்சங்க மாநாடு முடிந்து, குரல் போய் வந்தவரை, உப்புப் போட்ட வெந்நீரை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பச் சொல்லியிருந்தார் மருத்துவர். அவர் கன்னம் உப்பக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குழந்தை கையில் ஒரு செருப்போடு வந்து நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில், "வார் அறுந்துபோச்சா? தைச்சுத் தரணுமா? நாளைக்குப் போலாம்" என்று வந்துவிடும். இன்று ஒன்றும் வரவில்லை. குழந்தை காத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்.

"அப்பா, செலுப்பு வாலு அந்துபோச்சு. மாமாகிட்ட சொல்லு. மாமா ஒட்டித் தலுவாங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மடிப்பை நிறுத்தினாள்.

மறுநாள் மாலை ஆறரை மணிக்கு அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது.

"பாப்பா பேசுற நேரத்துல இது உங்க வாயில இருக்கணும்."

"என்னோட குரல்வளைய நெரிக்கப் பாக்கிறியா?"

"நெரிக்கல. நனைக்கிறேன்."

முதல் நாள் நாற்பது நொடி தாங்கினார். பிறகு விழுங்கிவிட்டு, விழுங்கியது ஏன் என்பதைப் பத்து நிமிடம் விளக்கினார். இரண்டாவது வாரம் இரண்டு நிமிடம். வேன்காரன் இதைப் பார்ப்பதற்காகவே மாலை வேளைகளில் வர ஆரம்பித்தான்.

"மச்சான், அணையத் திறக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. நான் தாழ்வான பகுதியில உக்காந்திருக்கேன்."

மைக்செட் பதில் சொல்ல முடியாமல் கையை ஆட்டுவார். இருபது வருடமாக இவனுக்குப் பதில் சொல்லியே வந்த மனிதர். கண்ணில் தண்ணீர் நிற்கும், அதுவும் வழியாது.

மனைவி இதைப் பேச்சு டீச்சரிடம் சொன்னபோது, மூன்றரை வருடத்தில் முதல் தடவையாக டீச்சர் குனிந்து மேஜையின் கீழே எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார். "நிறுத்திடாதீங்க."

குழந்தைக்கு இது விசித்திரமாகப் படவில்லை. அப்பாக்கள் என்றால் மாலை ஆறரைக்குக் கன்னம் உப்பிப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசினாள். வார்த்தை தடுக்கும் இடங்களில் தடுத்தது. ர, ற இரண்டும் லகரமாகத்தான் வந்தன. ஆனால் தடுக்கிய இடத்தில் யாரும் கை கொடுக்காததால் தானே எழுந்து நடந்தாள். இரண்டாவது திரைச்சீலையும் நிறைந்தது. ஒரு நாள் மனைவி சீட்டுக் குத்துவதை நிறுத்திவிட்டாள். எழுதிக் குத்தி முடிப்பதற்குள் அடுத்த நாலு வந்துவிடுகின்றன. அதற்கெல்லாம் நேரமில்லை என்றாள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

அழைப்பு பத்து மணிக்கு. கூப்பிட்டது பத்து ஐம்பதுக்கு. அதுவரை நடைவழி பெஞ்சில், கையில் பாட்டிலோடு, மைக்செட் எதிரில் இருந்தவரிடம் மின் அளவிகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைநிலை ஊழியர் கதவைத் திறந்து எண்ணைக் கூப்பிட்டதும், வரலாற்றைப் பாதியில் விட்டு, பாட்டிலைத் திறந்து, வாய்நிறைய எடுத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். போருக்குப் போகிறவர்கள் அப்படித் தலையசைப்பதைப் படங்களில் பார்க்கலாம்.

உள்ளே மூவர், போன ஆண்டு பார்த்தவர்கள் யாரும் இல்லை. நடுவில் தலைவியம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டவர். அவருக்கு வலப்பக்கம் குழந்தை மருத்துவர். இடப்பக்கம் குறிப்பெடுக்கும் எழுத்தர்.

"உன் பேரு என்ன பாப்பா?"

மனைவியின் விரல் கைப்பையின் மேல் ஒன்று, இரண்டு என்று தட்டியது. நான்கில் பதில் வந்தது. லகரத்தோடு வந்தது, ஆனாலும் அது அவள் பெயர்தான்.

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

"அம்மா, அப்பா. மாமா வலுவாங்க. பிஸ்கட் கொண்டு வலுவாங்க. ஒடைஞ்ச பிஸ்கட்."

படம் ஒன்றைக் காட்டினார்கள். தெருவில் மழை பெய்கிறது, ஒரு ஆள் ஓடுகிறான். என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். குழந்தை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து, ஆறு. மைக்செட்டின் காது மடல்கள் சிவந்தன. அவருக்குப் பதில் தெரியும். படத்தில் இல்லாத பதில்களும் தெரியும். ஏழு, எட்டு. அவருடைய முழங்கால் ஆட ஆரம்பித்தது. ஒன்பது.

"கொடை இல்ல. அதான் ஓடுது."

மருத்துவர் திருப்தியோடு எதையோ குறித்தார். தலைவியம்மா குறிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு மருத்துவர் பக்கம் சாய்ந்தார். தாழ்ந்த குரல்தான், ஆனால் சின்ன அறை.

"கேட்டதுக்குப் பதில் சொல்றா டாக்டர். இதையெல்லாம் வீட்ல சொல்லிக் குடுத்து மனப்பாடமா கூட்டிட்டு வர்றவங்க நெறைய. தானா ஒரு வார்த்தை பேசுறாளான்னுதான் எனக்குத் தெரியணும். இல்லேன்னா தனிப்பள்ளிக்கே எழுதிடலாம்."

மனைவியின் விரல் நின்றது. தானாக ஒரு வார்த்தை பேசு என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டுவிட்டால் அது தானாக வந்ததாக ஆகாது.

தலைவியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதத் தொடங்கும் முன் ஒரு மரியாதைக்காகத் தந்தையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணுமே பேசலையே சார். ஆமா, உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே? நூலகத் திறப்பு விழாவுல பேசினது நீங்கதானே? என்ன அருமையான பேச்சு! இன்னும் ஞாபகம் இருக்கு."

பத்தொன்பது வருட மேடை வாழ்க்கையில் மைக்செட்டின் பேச்சு ஞாபகம் இருப்பதாக ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. விழா முடிந்தால் நாற்காலியை அடுக்குவார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு முழுங்கு. தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும். தொண்டைக்குழி ஏறியது. பாதி வழியில் நின்றது. கண்கள் பிதுங்கின. நெற்றியில் வேர்த்தது. அப்படியே இருந்தார்.

"சார்?" என்றார் தலைவியம்மா.

பதில் சொல்லியிருக்க வேண்டியது மனைவி. தொண்டை சரியில்லை என்றோ, வேறு எதையோ. அவள் தலைவியம்மாவைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கைப்பையின் மேல் மறுபடி ஒன்றிலிருந்து தட்டத் தொடங்கினாள். மின்விசிறி முனகியது. எழுத்தர் தலைநிமிர்ந்தார். ஆறு. ஏழு. எட்டு.

"அப்பா பேச மாட்டாங்க" என்றாள் குழந்தை. "வாயில தண்ணி இலுக்கு."

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வாயில எதுக்கும்மா தண்ணி?"

"நான் பேசணும்ல? அதான். முழுங்கினா பேசுவாங்க. முழுங்கிட்டா அப்புலம் நிலுத்தவே மாட்டாங்க. அம்மா சொன்னாங்க." கொஞ்சம் யோசித்து, "உங்க மேல துப்ப மாட்டாங்க, பயப்படாதீங்க" என்றாள்.

எழுத்தரின் பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கப் போனவர் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார். மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவியம்மா மட்டும் பதவியின் கௌரவம் குலையாமல், ஒரு தடவை இருமிவிட்டுப் படிவத்தில் எழுதினார்: 'குழந்தை தானாகப் பேசுகிறாள். காரணம் சொல்லிப் பேசுகிறாள். வழக்கமான பள்ளி, முதல் வகுப்பு. ர, ற உச்சரிப்புப் பயிற்சி தொடரவும்.' பெற்றோரின் ஒத்துழைப்பு என்ற கட்டத்தில், தந்தை என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே, சற்று யோசித்து, 'நன்று' என்று எழுதினார்.

மணி பதினொன்று ஒன்று. மைக்செட் நடைவழிக் கோடியில் இருந்த தொட்டியை நோக்கி, ஓட்டம் என்று சொல்ல முடியாத ஆனால் நடை என்றும் சொல்ல முடியாத வேகத்தில் போனார்.

பஸ்ஸில் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். படிவம் மனைவியின் கைப்பைக்குள் இருந்தது. மூன்று நிறுத்தம் வரை மைக்செட் பேசவில்லை. மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏங்க, துப்பிட்டீங்கல்ல?"

"ம்."

"அப்புறம் என்ன? பேசுங்க. இப்ப பேசலாம்."

"அந்தம்மா கேட்டாங்க, பாத்தியா?"

"பாத்தேன்."

"ஞாபகம் இருக்குன்னு சொன்னாங்க. பத்தொம்பது வருஷத்துல…" என்று நிறுத்தினார். தண்ணீர் இல்லாமலே நிறுத்தினார்.

மனைவி டிக்கெட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நூலகத் திறப்பு விழாவுல நேரமில்லன்னு சொல்லி உங்களைக் கூப்பிடவே இல்லையேங்க. பேப்பரை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்தீங்களே."

"தெரியும்."

"அப்ப முழுங்கியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பழக்கதோஷம், அவள் மனதுக்குள் பத்து வரை எண்ணினாள்.

"எலங்கு" என்றாள் குழந்தை. அவர்கள் இறங்கினார்கள்.

அந்த விழாவில் அருமையாகப் பேசியவர் குடிநீர் வாரியத்தின் உதவிப் பொறியாளர்.